பள்ளத்தைச் சுற்றிப் போகிறவர்கள்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். ஆகாய மார்க்கமாக ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரந்தான் என்றாலும், 1964ஆம் ஆண்டிலிருந்து இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஜன்னலோரத்து ஆசனம் ஒன்று கிடைக்குமானால், வேறு எந்த வாகனத்திலும் என் மனம் செல்வதில்லை. வடையும் காபியும் வருவதும் போவதுமாக இருக்கும் அந்த நடைபாதையும், காட்பாடிக்கு அப்பால் மொட்டைப் பாறைகளாக எழுந்து நிற்கும் குன்றுகளும், ஜோலார்பேட்டை தாண்டியதும் வண்டி மலைச்சரிவில் ஏறத் தொடங்கும்போது காற்றில் தட்டுப்படும் குளிர்ச்சியும் அனுபவிக்க வேண்டியவை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஒரு பீடபூமிக்குப் போகிறோம் என்பதை உடம்பு உணர்வதற்கு அந்தச் சாவகாசம் வேண்டியிருக்கிறது.

இம்முறை நான் போனது உல்லாசப் பிரயாணமாக அல்ல. பெங்களூரின் கிழக்கு ஓரத்திலுள்ள வைட்ஃபீல்டில், ஐரோப்பிய இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக எழுதப்பட்டுவந்த மென்பொருளின் சோதனைக் குழுவுக்கு மூன்று மாத காலம் தலைமை ஏற்று நடத்தும்படி எனக்கு உத்தரவாகியிருந்தது. எனக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். ரிலீஸ் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

காட்பாடியில் ஏறி எதிரே அமர்ந்த முதியவர் ஒருவர், சம்பிரதாயமான விசாரணைகளுக்குப் பிறகு, என் உத்தியோகத்தைக் கேட்டார்.

“கம்ப்யூட்டர் புரோகிராம்ல தப்பு இருக்கான்னு பாக்கற வேலைங்க.”

“அப்போ எழுதறவங்க தப்பாத்தான் எழுதுவாங்களா?”

“தப்பா எழுதணும்னு யாரும் எழுத மாட்டாங்க. ஆனா இருக்கும்.”

“நக்கீரர் மாதிரின்னு சொல்லுங்க” என்று சிரித்தார். இந்த உபமானத்தை இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். நக்கீரருக்கு ஒரு சௌகரியம் இருந்தது: ஒரு பாட்டில் ஒரு குற்றத்தைக் கண்டு சொல்லியதோடு அவர் கடமை தீர்ந்தது, மறுவாரம் அதே பாட்டைத் திருத்திக் கொண்டுவந்து, திருத்தியதில் புதுக் குற்றம் ஏதேனும் புகுந்திருக்கிறதா என்று ஆதியோடந்தமாக மீண்டும் பார்க்கும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை.

பங்காருப்பேட்டையில் வண்டி நின்றது. மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதை பிரியுமிடம் இதுதான். கோலார் தங்க வயலுக்குச் செல்லும் அந்தப் பாதையின் வழியே ஒரு காலத்தில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகப் போய்க் குடியேறின. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் முதன்முதலாக மின்சாரம் போனது அந்தச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிவதற்கு அதன் பின்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் போயிற்று, ரயில் மட்டும் மிஞ்சிற்று: இப்போது தினந்தோறும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் அந்த ஊரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அவர்களுள் ஒருத்தி என் குழுவில் இருப்பாள் என்பதை அப்போது நான் அறியேன்.

நான் தங்கியது அல்சூரில். கன்னடத்தில் ஹலசூரு என்று வழங்கும் அந்தப் பகுதியில் கடைப் பலகைகளை வாசிக்காமல் காதை மட்டும் நம்பி நடந்தால் வேலூரிலோ ஆம்பூரிலோ நடப்பதாகவே தோன்றும். ஏரிக்கரையருகே திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். நிறுவப்பட்ட பிறகும் பதினெட்டு ஆண்டுகள் திரைக்குள்ளேயே இருந்து, 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சத்தைக் கண்ட சிலை அது. தயாராக இருப்பதற்கும் வெளியிடப்படுவதற்கும் இடையே இத்தனை நீண்ட அவகாசம் எங்கள் தொழிலில் எவருக்கும் வாய்த்ததில்லை என்று, முதல் நாள் மாலை அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் எழுபது கடந்த தமிழர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் தர ஆய்வுப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர். இந்த நகரம் கம்ப்யூட்டரால் பெயர் பெறுவதற்கு வெகு காலம் முன்பே அளவுகோலாலும் உருப்பெருக்கியாலும் வாழ்ந்த நகரம்: 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் டெலிபோன் தொழிற்சாலை, அடுத்த சில ஆண்டுகளில் எச்.எம்.டி.யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும். 1985இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வந்து கடை விரித்தபோது, அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக ஒரு பெட்டிச் சாமானைத் திருப்பி அனுப்பும் சுபாவமுள்ள மனிதர்கள் ஏற்கெனவே ஒரு தலைமுறையாக இவ்வூரில் பென்ஷன் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அந்த ஜாதி. என் வேலையைக் கேட்டறிந்ததும், “அப்ப நீங்க நம்ம ஆளு” என்று சொல்லி, வாடகை முன்பணத்தில் மட்டும் எந்தச் சலுகையும் காட்டாமல், அன்றிரவு காபிக்கு அழைத்தார்.

அவர் சொன்ன ஒரு வழக்கம் என் மனத்தில் தங்கிவிட்டது. ஆய்வு மேஜைக்கு வரும் ஐந்நூறு உருப்படிகளுக்கு நடுவே, மேலதிகாரி யாருக்கும் தெரியாமல் இரண்டு மூன்று பழுதான உருப்படிகளைக் கலந்துவிடுவாராம். மாலையில் அவை அகப்பட்டனவா என்று பார்ப்பாராம். “உருப்படிக்கு வெச்ச பரீட்சை இல்ல சார் அது. எங்க கண்ணுக்கு.”

அல்சூரில் ஏறினால் ஊதா வழி மெட்ரோ நேரே வைட்ஃபீல்டு வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. கிருஷ்ணராஜபுரத்துத் தொங்கு பாலத்தருகே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தவம் கிடந்த பழைய நாட்களை அறிந்தவர்களுக்கு 2023இல் கிடைத்த இந்தச் சுகம் சாமானியமானதல்ல. வைட்ஃபீல்டு என்ற பெயர் வெள்ளை வயலைக் குறிப்பதன்று. ஒயிட் என்ற மனிதரைக் குறிப்பது. 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் ஆங்கிலோ-இந்தியச் சமூகத்தின் சங்கத்துக்கு இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். உழுது பயிரிட்டுத் தங்கள் கால்களில் நிற்க வேண்டுமென்பது அந்தச் சங்கத்தின் தலைவரான டி. எஸ். ஒயிட்டின் எண்ணம். அன்று பயிரிட வந்தவர்களில் பலர் நிலைக்கவில்லை. இன்று அதே மண்ணில் கண்ணாடிக் கட்டடங்கள் விளைந்து, வேறு தேசத்தாரின் கணக்குகளைப் பயிரிட்டுக்கொண்டிருக்கின்றன.

ஹோப் ஃபார்ம் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறினேன். புரட்டாசி மழை சாலையைச் சல்லடையாக்கியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்து மதிலுக்கு எதிரே, நடுச்சாலையில், ஓர் எருமை படுத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு ஒரு பள்ளம் நீர் நிரம்பிக் கிடந்தது. எல்லா வாகனங்களும் ஒரு நதி பாறையைச் சுற்றிப் போவதுபோல, ஹாரன் கூட அடிக்காமல், வேகத்தையும் குறைக்காமல், இடப்புறம் வளைந்து போய்க்கொண்டிருந்தன. என் ஆட்டோக்காரரும் வளைந்தார். நான் கம்பியைப் பற்றிக்கொண்டு அலறாத குறை. அவர் திரும்பிப் பார்த்து, இந்நகரத்தின் தாரக மந்திரமான “சொல்ப அட்ஜஸ்ட் மாடி” என்ற மூன்று சொற்களை அருளினார். கொஞ்சம் சகித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் இடம் விடுங்கள், கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்று இடத்துக்கேற்றபடியெல்லாம் பொருள் விரிவது அது. அத்தனை மொழிக்காரர்களும் கலகமின்றி ஒரே பஸ்ஸில் போவதற்கு இந்த மந்திரமே காரணமென்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். ஆனால் ஒரு சோதனைக் கூடத்துக்குள் அது நுழைந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த சில வாரங்களில் கண்டேன்.

காரியாலயத்தில் என் குழுவினர் பதினொருவர். ஹுப்பள்ளி, கொச்சி, நெல்லூர், கட்டாக், கோலார் என்று ஆளுக்கொரு திசை. பேச்சு ஆங்கிலத்தில், கோபம் அவரவர் பாஷையில். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு டெஸ்ட் கேஸ்கள் எழுதி வைத்திருந்தார்கள். டெஸ்ட் கேஸ் என்பது ஒருவகைச் சமையற் குறிப்பு: இன்ன திரையைத் திற, இன்ன பெயரை நிரப்பு, இன்ன பொத்தானை அழுத்து, இன்ன விடை வர வேண்டும். டெவலப்பர்களிடமிருந்து ஒவ்வொரு புதிய பில்ட், அதாவது மென்பொருளின் புதிய பதிப்பு, வரும்போதும், புதியனவற்றைச் சோதிப்பதோடு, பழையன கெடாமல் இருக்கின்றனவா என்றும் இவற்றை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டும்; பாதியை இயந்திரமே ஓட்டிவிடும், மீதிக்கு மனிதக் கை வேண்டும். சுவரில் இருந்த பெரிய திரையில் தேறியவை பச்சையாகவும் தவறியவை சிவப்பாகவும் தெரிந்தன. நான் போன அன்று திரை முழுவதும் வயல்போலப் பச்சையாக இருந்தது. ஆனந்தப்பட வேண்டிய காட்சிதான். எனக்கோ, மாணவர் அனைவரும் நூற்றுக்கு நூறு வாங்கிய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த இன்ஸ்பெக்டரின் மனநிலை உண்டாயிற்று.

இந்தத் தொழிலில் ஒரு தலைவனுக்கு என்ன வேலை என்று பலர் கேட்பார்கள். காலையில் பத்து மணிக்குக் கூடி, யார் என்ன செய்தார், எங்கே தடைப்பட்டார் என்று கேட்பது. சர்வர் கிடைக்கவில்லையென்றால் சண்டை போட்டு வாங்குவது. பகலில் கண்டுபிடித்த குறைகளை மாலையில் டெவலப்பர்களோடு உட்கார்ந்து, இது பெரியது, இது சிறியது, இது குறையே அல்ல என்று தரம் பிரிப்பது. இவையெல்லாம் வெளிக்குத் தெரியும் வேலைகள். கண்ணுக்குத் தெரியாத வேலை, காலத்தைக் காப்பாற்றுவது. 1975இல் வெளிவந்த ‘தி மித்திக்கல் மேன்-மன்த்’ என்ற நூலில் ஃப்ரெட் புரூக்ஸ் என்ற அமெரிக்கர், ஒரு மென்பொருள் வேலைக்கு உள்ள காலத்தில் பாதியைச் சோதனைக்கென்றே ஒதுக்க வேண்டுமென்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஐம்பது ஆண்டுகளாக அதைத் தலையசைத்துக் கேட்டுவருகிறோம். நடைமுறையிலோ, எழுதுகிறவர்கள் தாமதித்த நாட்களெல்லாம் சோதிக்கிறவர்களின் பங்கிலிருந்தே கழிகின்றன. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்குப் பாயசம் குறைவதுபோல.

கோலார்ப் பெண் குழுவில் சேர்ந்து அப்போது எட்டு நாட்களே ஆகியிருந்தன. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்கால ரயிலேறி வைட்ஃபீல்டில் இறங்கி வருபவள். ரிலீஸுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில், அவள் ஒரு குறையைப் பதிவு செய்தாள். பாலிசிதாரர் பிரீமியம் கட்டுகிறார். பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறார். திரை மாறுவதற்குள், பிரௌசரில் பின்னால் போகும் அம்புக்குறியை அழுத்திப் பழைய திரைக்குத் திரும்பி மீண்டும் கட்டுகிறார். இரண்டு முறையும் பணம் எடுக்கப்பட்டுவிடுகிறது.

மாலைக் கூட்டத்தில் டெவலப்பர்களின் தலைவர் ஒரு புன்னகையோடு, “யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்” என்றார். என் குழுவின் மூத்தவரும் அதை ஆமோதித்தார். பச்சை வயலில் ஒரு சிவப்பு விழுவதை நானும் விரும்பவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ‘பயனர் செய்யும் தவறு’ என்று வகைப்படுத்தி அந்தக் குறையை மூடிவிட்டோம். அவள் வாதாடவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் என்னெதிரே வந்து உட்கார்ந்தாள்.

“சார், ஊட்டா ஆய்த்தா?” என்று இவ்வூர் வழக்கப்படி சாப்பாட்டை விசாரித்துவிட்டு, டப்பாவைத் திறக்காமலேயே சொன்னாள்: “அப்படி யாரும் செய்ய மாட்டாங்கன்னு சொன்னீங்களே. டெய்லி ட்ரெயின்ல பாக்கறேன் சார். போன்ல பணம் அனுப்புவாங்க. சிக்னல் போயிடும். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். ஜனங்க என்ன செய்வாங்க? பின்னாடி போய்த் திரும்ப அமுக்குவாங்க. எங்கம்மாவே அப்படித்தான்.”

“நம்ம டீம்ல ரெண்டு வருஷமா யாருக்குமே இது கண்ணுல படலியேம்மா?”

“அவங்கெல்லாம் அந்த இடத்துல பின்னாடி போக மாட்டாங்க சார். போகக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

எனக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. விசாரித்ததில் விஷயம் விளங்கியது. இரண்டாண்டுகளுக்கு முன்பு, மிக ஆரம்பகாலத்து பில்ட் ஒன்றில், அந்த இடத்தில் பின்னால் போனால் திரை உறைந்துபோகுமாம். அதனால் சோதிக்கிறவர்கள் அதைத் தொடாமல் பழகினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கும் வாய்மொழியாகச் சொல்லி வைத்தார்கள். டெஸ்ட் கேஸ்களும் அந்தப் பழக்கத்தை அனுசரித்தே எழுதப்பட்டன. உறையும் குறையைப் பிற்பாடு யாரோ சரி செய்துவிட்டார். பழக்கம் மட்டும் நீங்கவில்லை. பள்ளிக்கூடத்து மதிலுக்கு எதிரே கிடக்கும் பள்ளத்தை எல்லோரும் சுற்றிப் போகிறார்களே, அதே கதைதான். இவளுக்கு மட்டும், எட்டு நாட்களில், எல்லோரும் அந்தச் செய்தியைச் சொல்ல மறந்துபோயிருந்தார்கள்.

சிறிது நேரம் கழித்து, கேளாமலே, தன் பாட்டனாரைப் பற்றிச் சொன்னாள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிய அந்தச் சுரங்கங்களில், பாறை திடீரென்று வெடித்துச் சரிவது உண்டு. வேலைத்தளத்துக்குள் கால் வைக்கும் முன்பு அவர் கடப்பாரையால் மேற்கூரையைத் தட்டுவாராம். கணீரென்று ஒலித்தால் பாறை கெட்டி. மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல். “டெய்லி போற இடந்தானே தாத்தான்னு கேப்பேன். நேத்து கெட்டியா இருந்துச்சு, இன்னிக்குத் தட்டலியேன்னுவாரு.”

அன்று மாலையே மூடிய குறையைத் திறந்தோம். காரணம் சிறியது. பணம் கட்டும் ஒவ்வொரு முயற்சிக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் ஏற்கக் கூடாது. இந்த மென்பொருளிலோ, அந்தத் திரை திறக்கும்போதெல்லாம் புதிதாக ஓர் எண் பிறந்துகொண்டிருந்தது. எனவே, ஒரே மனிதரின் ஒரே தவணை, சர்வரின் கண்ணுக்கு இரண்டு தனித்தனிக் கட்டணங்களாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரின் எதிர்வாதத்தையும் எழுதாவிட்டால் நியாயமாகாது. நடந்ததைச் சொன்னேன். அவர் அவ்வளவாக மெச்சவில்லை. “புதுசா வர்றவன் நல்ல சாமானையும் சேத்துத்தான் சார் தள்ளுவான். கேட்டா, சந்தேகமா இருந்துச்சும்பான். பழையவன் கையில எடுத்ததுமே சொல்லிடுவான்” என்றார். உண்மைதான். அந்தப் பெண் அதே எட்டு நாட்களில் பதிவு செய்த குறைகளில் பெரும்பாலானவை குறைகளே அல்ல; விதி தெரியாமல் எழுதியவை. அவற்றைப் படித்துப் பதில் எழுதவே ஒருவருக்கு ஒரு நாள் பிடித்தது. மறுபுறம், அவள் குறையை மறுத்த அதே மூத்தவர்தான், மாதக் கடைசியில் விடுமுறை நாள் விழுந்தால் வட்டிக் கணக்கு ஒரு நாள் பிசகுகிறது என்பதைக் கண்டவர்; பத்தாண்டுகள் இன்ஷூரன்ஸ் கணக்குகளோடு புழங்காதவர் எவருக்கும் அது எட்டியிராது. பழைய கண்ணும் வேண்டும், புதிய கண்ணும் வேண்டும். அவசரத்தில் நாம் பழைய கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புதியதை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்பதே என் வழக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய விமான நிலையச் சாலையிலுள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகள் ஓடி விளையாடும் புல்வெளியில் பழைய விமானங்கள் வெயில் காய்ந்துகொண்டு நிற்கின்றன. ஜெர்மானியர் குர்ட் டாங்கின் தலைமையில் இவ்வூரில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதல் பறந்த மாருத்தின் முன்பு வெகுநேரம் நின்றேன். ஆனால் என் சிந்தையெல்லாம் இதே ஓடுபாதையிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்த மற்றொரு விமானத்தின்மீது இருந்தது. தேஜஸ் என்று பிற்பாடு பெயர் சூட்டப்பெற்ற அந்த இலகு ரகப் போர் விமானம், இயற்கையில் நிலைகொள்ளாத வடிவமுடையது. நான்கு வழிகளாக ஒரே சமயத்தில் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் கணந்தோறும் சிறகுகளைத் திருத்திக்கொண்டிருந்தாலன்றி அது வானில் நிற்காது. எனவே அதன் மென்பொருளில் குறை என்பது மறு பில்டில் பார்த்துக்கொள்ளக்கூடிய சமாசாரம் அல்ல. 1998 மே மாதம் பொக்ரான் அணுச் சோதனைகளைத் தொடர்ந்து அமெரிக்கா தடை விதித்து, அங்கே கூட்டுப் பணியில் இருந்த நம்மவர்களைத் திருப்பி அனுப்பியபோது, மீதி வேலை முழுவதும் பெங்களூர்க்காரர்களின் தலையில் விழுந்தது. கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தவர் ஒரு சாரார்; அவற்றை மென்பொருளாக எழுதியவர் வேறொரு சாரார்; எழுதியதைச் சுயேச்சையாகச் சரிபார்த்தவர் மூன்றாவது சாரார். உண்மையான விமான உறுப்புகளையெல்லாம் தரையிலேயே இணைத்து ‘இரும்புப் பறவை’ என்ற ஓர் அமைப்பைக் கட்டி, பறக்காத பறவையை மாதக்கணக்காகப் பறக்கவிட்டார்கள். விமானம் 1995 நவம்பரிலேயே கூடத்தைவிட்டு வெளியே கொண்டுவந்து காட்டப்பட்டது. முதன்முதல் பறந்ததோ 2001 ஜனவரி 4 அன்று, விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியாலின் கையில், பதினெட்டு நிமிடங்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் எத்தனை பரிகாசங்களை அந்தப் பொறியாளர்கள் காதில் வாங்கியிருப்பார்கள்!

பழக்கத்தால் பறிகொடுத்த கதையும் ஒன்று உண்டு. 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து எழுந்த ஏரியன் 5 ராக்கெட், ஏறத்தாழ நாற்பது விநாடிகளில் சிதறியது. முந்தைய ஏரியன் 4இல் பல்லாண்டுகள் குறையின்றி ஓடிய மென்பொருளைப் புதியதில் அப்படியே வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். அதைக் குறிக்கும் எண், ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் வழிந்து, கணினி நின்றது. துணைக்கு வைத்த இரண்டாவது கணினியிலும் அதே மென்பொருள். அதுவும் அதே காரணத்தால் நின்றது. நேற்று கெட்டியாக இருந்த பாறை.

திங்கட்கிழமை ரிலீஸ் கூட்டம். சமுத்திரங்களுக்கு அப்பாலிருந்து கம்பெனியின் அதிகாரிகள் திரையில் வந்தார்கள். பச்சை வயலைக் காட்டிவிட்டு அதன் நடுவே உள்ள ஒரு சிவப்பைக் காட்டி, தயாராக இல்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பின் ஒரு நிசப்தம் வரும். இருபது ஆண்டுகளாகியும் எனக்குப் பழகாதது அது ஒன்றுதான். சோதனைத் தலைவனுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த நிசப்தத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். பேச ஆரம்பித்தால், கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்வோம் என்பதில்தான் அது போய் முடியும். “எத்தனை நாள்?” என்று கேட்டார்கள். ஒன்பது என்றேன். பதினொன்று ஆயிற்று.

அதன் பிறகு, வீட்டுக்காரரின் தந்திரத்தைக் கையாண்டு பார்த்தேன். டெவலப்பர் ஒருவரைத் தனியே அழைத்து, சோதனைக்கென்று வைத்த பிரதியில் மட்டும் வேண்டுமென்றே பத்துக் குறைகளை விதைக்கச் சொன்னேன்; அவற்றின் பட்டியல் அவரிடமும் என்னிடமும் மட்டுமே இருந்தது. குழு கண்டுபிடித்தது ஆறு. தப்பிய நான்கில் மூன்று, வெகுகாலமாக ஒரே ஆள் பார்த்துவந்த மாட்யூல்களில், அதாவது மென்பொருளின் தனிப் பகுதிகளில், இருந்தன. அதைக் காட்டிய பிறகே, வெள்ளிக்கிழமைகளில் ஆளுக்காள் மாட்யூலை மாற்றிக்கொண்டு, டெஸ்ட் கேஸ் எதையும் பாராமல், மனம் போனபடி இரண்டு மணி நேரம் மேய்வதென்ற ஏற்பாடு உண்டாயிற்று. எல்லோரும் மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. என் வயலில் இன்னொருவன் மாட்டை விடுவதா என்ற வருத்தம் மூத்தவருக்கு இருந்தது; இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த முடிவை நான் வேறுவிதமாகச் சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் முன்னிலையில் பட்டியலை வாசித்தது என் பிசகு.

மூன்று மாதம் கழிந்தது. லால்பாக்கில் ஐதர் அலி காலத்துத் தோட்டத்தையும் அதன் நடுவேயுள்ள அந்தப் புராதனப் பாறையையும் பார்த்தேன். 1924 முதல் நடந்துவரும் எம்.டி.ஆர். சிற்றுண்டிச் சாலையில் வரிசையில் நின்று ரவா இட்லி சாப்பிட்டேன். இவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை, ஆகையால் விடுகிறேன். கடைசி நாள் குழுவினர் கேக் வெட்டினார்கள். கோலார்ப் பெண் ரயிலுக்கு நேரமாயிற்றென்று பாதியிலேயே கிளம்பினாள். அவளுடைய இடத்தில் அன்று புதிதாகச் சேர்ந்திருந்த பையன் உட்கார்ந்திருந்தான். அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, திரையில் ஓரிடத்தைக் காட்டி, “அங்க போகாதே, ஹேங் ஆகும்” என்று அவனிடம் சொல்லிவிட்டு ஓடினாள். அது என் காதில் விழுந்தது; நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரக் கடைசி முறையாக ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் இளைஞர். போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டு வந்தார். நானோ ஊருக்குத் திரும்புவதற்கான டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து மதில் வந்தது. ஆட்டோ சிறிதும் வளையாமல் நேராகப் போயிற்று. என் உடம்பு மட்டும் தானாக இடப்புறம் சாய்ந்து, தோள் கம்பியில் இடித்தது. நிமிர்ந்து, பின்னால் திரும்பிப் பார்த்தேன். பள்ளம் இருந்த இடத்தில் ஈரம் காயாத புதுத் தார் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த பஸ், அதைச் சுற்றிக்கொண்டு, இடப்புறம் வளைந்து வந்தது.